சாலை எட்டாத லா நூவெல்

செவ்வாய், சேன்-ஆந்த்ரே

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வரும் தமிழர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு நின்றுவிடுகிறார்கள். நிற்பதற்குக் காரணமும் இருக்கிறது. கிழக்குக் கரையில் சேன்-ஆந்த்ரேவுக்குள் நுழைந்தால் கரும்புக்கு நடுவே கோபுரம் தெரிகிறது. கொலோஸ் கோயிலில் அம்மனுக்கு மஞ்சள் சாத்தியிருக்கிறார்கள். கடைப் பலகைகளில் ராமசாமியும் முத்துசாமியும் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் தொங்குகிறார்கள். இந்த ஊருக்குப் பல ஆண்டுகள் மேயராக இருந்தவர் ழான்-பால் விராப்புல்லே. நம் ஊரில் பிறந்திருந்தால் வீரப்பிள்ளை.

புதுச்சேரிக்காரனான எனக்கு இந்தக் கதை பாதி வீட்டுக் கதை. 1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமை முறை ஒழிந்தது. அறுபதாயிரம் பேருக்கு மேல் அன்றைக்கு விடுதலையானார்கள். ஆனால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தம் எழுதி வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். 1860இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை ஆனதும் அவர்கள் ஆட்சிப் பகுதியிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். 1882இல் பிரிட்டிஷ் அரசு தடுக்கும் வரை இது நடந்தது. அப்படி வந்தவர்கள் கரும்பு இருந்த இடத்தில் இருந்தார்கள். கரும்பு கடற்கரைச் சரிவில்தான் இருந்தது.

கோயில்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் இந்த வாரம் எழுதப்போவது தீவின் நடு வயிற்றில் இருக்கும் ஒரு ஊரைப் பற்றி. பெயர் லா நூவெல். அங்கே நம்மவர்கள் அனேகமாகப் போய்க் குடியேறவில்லை. போனவர்கள் வேறு ஆட்கள், வேறு காரணம்.

இடம் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். தீவின் நடுவில் பித்தோன் தெ நேஜ் என்ற அணைந்த எரிமலை நிற்கிறது. 3,070 மீட்டர் உயரம். அதைச் சுற்றி மலை இடிந்து, மழையில் அரித்து, மூன்று பெரிய பள்ளங்கள் உண்டாகியிருக்கின்றன. சலாசி, சிலாவோஸ், மஃபாத். பள்ளம் என்றால் சாதாரணப் பள்ளம் இல்லை. ஆயிரம் மீட்டர் செங்குத்துச் சுவர் சுற்றி நிற்க, உள்ளே தனித்தனிக் குன்றுகளும் ஓடைகளும். முதல் இரண்டுக்கும் தார்ச்சாலை இருக்கிறது. மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போகலாம், அல்லது ஹெலிகாப்டர். உள்ளே சமதளமாக ஒரு துண்டு நிலம் கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு குடியிருப்பு. அதை இலெத் என்கிறார்கள். எல்லா இலெத்தும் சேர்த்து எழுநூறு எண்ணூறு பேர். லா நூவெல் அவற்றில் பெரியது.

மதியம் சலாசிக்குப் பஸ். அருவிகள் சாலை ஓரத்திலேயே விழுகின்றன. ஒன்று பஸ் கூரை மேலேயே தெளித்துவிட்டுப் போனது. மலைச்சரிவு முழுக்கப் பந்தல் போட்டுச் சௌ சௌ கொடி. இங்கேயும் அதற்கு ஷூ ஷூ என்றுதான் பெயர். காயை மட்டும் அல்ல, கொழுந்தையும் கிள்ளி வதக்கிச் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ராத்திரி கிரான் இலே என்ற ஊரில் தங்கல். ஜூன் மாதம் இங்கே குளிர்காலம். கம்பளி போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்கிறேன்.

புதன், லா நூவெல்

இங்கே நடக்கிறவர்களுக்கு ஒரே விதி: விடியற்காலையில் கிளம்பு. பத்து பதினொரு மணிக்குக் கடலிலிருந்து மேகம் ஏறி வந்து பள்ளத்தை மூடிவிடும், அப்புறம் பாதையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஏழு மணிக்கெல்லாம் கோல் தே பெஃப் கணவாய்க்குக் கீழே வண்டியில் கொண்டு இறக்கிவிட்டார்கள். அங்கே காவல் போட்ட கார் நிறுத்தம் ஒன்று. மஃபாத்துக்காரர்களின் கார்களும் அங்கேதான் நிற்கின்றன. கார் வைத்திருக்கிறார்கள், ஆனால் வீட்டுக்கும் காருக்கும் இரண்டு மணி நேர நடை.

கணவாய் கிட்டத்தட்ட 1,950 மீட்டர். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் மஃபாத் முழுக்கத் தெரிகிறது. சாம்பல் பச்சை மடிப்புகள், மேற்கே மையிதோ மலைச்சுவர், ஆழத்தில் கலே ஆறு வெட்டிய கோடு. மடிப்பு ஒன்றின் முதுகில் சின்னச் சின்னத் தகரக் கூரைகள்.

இறங்கும் பாதை மரக்கட்டைப் படிகள். பிறகு தாமரேன் சமவெளி. பெயரைப் பார்த்துப் புளியமரத்தைத் தேடாதீர்கள். இவை கருவேல இனத்தில் ஒரு மரம். உலகத்தில் இந்தத் தீவில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. புயலில் சாய்ந்த மரம் சாகாமல், படுத்த நிலையிலிருந்தே மறுபடி கிளை விட்டு எழுந்திருக்கிறது. பாதி மரங்கள் அப்படித்தான் நிற்கின்றன, இல்லை, படுத்திருக்கின்றன. கிளைகளில் நரைத்த பாசி. மாடுகள் கயிறு இல்லாமல் பாதையில் படுத்து அசைபோடுகின்றன. நாம்தான் சுற்றிப் போக வேண்டும்.

தெக்-தெக் என்று ஒரு குருவி, சிட்டை விடச் சற்றுச் சின்னது, நெஞ்சில் ஆரஞ்சுத் தீற்று. நான் நின்றால் அதுவும் நின்றது, நடந்தால் அடுத்த வேலிக் கம்புக்குப் பறந்தது. என் பூட்ஸ் கிளப்பும் பூச்சிக்காகத்தான் இந்தப் பாசம் என்று பின்னால் வந்தவர் சொன்னார். ஓரங்களில் குட்டிக் கொய்யா, சிவப்பாக, நெல்லிக்காய் அளவு. சீசன். கை நிறையப் பறித்துக்கொண்டேன். புளிப்பு பல்லைக் கூசவைக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த செடிதான், இப்போது உள்ளூர்க் காட்டுச் செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே குற்ற உணர்வு இல்லாமல் சாப்பிடலாம்.

ஒன்பதரைக்கு லா நூவெல். ஊர் 1,400 மீட்டருக்குச் சற்று மேலே. முதலில் ஒரு கோழி, அப்புறம் வேலி, வேலிக்குப் பின்னால் செம்பருத்தியும் ரோஜாவும் நட்ட வாசல், மஞ்சளோ நீலமோ பூசிய தகர வீடு. ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்தகம், மளிகைக்கடை, ரொட்டிக்கடை. ஆமாம், ரொட்டிக்கடை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இடத்தில் வேறு எது இல்லாவிட்டாலும் அது இருக்கும் என்பதைப் புதுச்சேரிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜீத் என்று சொல்லும் விடுதியில் இடம் பிடித்திருந்தேன். (முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சனி ஞாயிறுகளில் கட்டில் கிடைக்காது.) வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது இருக்கும். நான் அவரை மதாம் என்றேன், அவர் என்னை முசே என்றார், சின்ன வயதில் எங்கள் தெருவில் கேட்ட அதே முசே. என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சும், தீவின் பேச்சுமொழியான அவருடைய கிரியோலும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.

சாயங்காலம் நீள மேசையில் எல்லோருக்கும் ஒன்றாகச் சாப்பாடு. முதலில் பழமும் பட்டையும் ஊறவைத்த ரம் ஒரு மடக்கு. பிறகு பெரிய சட்டியில் சோறு, பருப்பு, கோழிக் கறி. விறகடுப்பில், வெங்காயம் பூண்டு தக்காளியோடு மஞ்சளும் தைம் இலையும் போட்டுச் சமைத்தது. தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய் இடித்த தக்காளித் துவையல். எதிரில் உட்கார்ந்திருந்த பாரிஸ்காரர்கள் துவையலைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் தேடினார்கள். நான் மறுபடி போட்டுக்கொண்டதைப் பார்த்து மதாம் சமையல்கட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். "மல்பார்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. தமிழ் வம்சத்தவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கேரளத்தோடு சம்பந்தம் இல்லை.

எட்டரைக்கு ஊர் அடங்கிவிட்டது.

வியாழன், லா நூவெல்

ஏழு மணிக்கு ஹெலிகாப்டர் சத்தத்தில் எழுந்தேன். இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்வதில்லை. "உலகத்திலிருந்து துண்டித்த அமைதி" என்றுதான் எழுதுகிறார்கள். வானம் தெளிந்த காலையில் லா நூவெல் போல இரைச்சலான மலையூரை நான் பார்த்ததில்லை.

வலையில் கட்டிய மூட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டபடி வருகிறது. இறங்காது. தலைக்கு மேல் நின்று மூட்டையைத் தரையில் தொடவிடும், கீழே இருக்கும் ஆள் கொக்கியைக் கழற்றுவார், காலி வலையையோ குப்பை மூட்டையையோ மாட்டுவார், போய்விடும். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். கோழிகள் ஓடுகின்றன, துணி பறக்கிறது, நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நான் பார்த்த மூட்டைகளில் காஸ் சிலிண்டர், அரிசி, சிமெண்டு, தோதோ பீர் பெட்டிகள், ஒரு மெத்தை. சுற்றுலாப் பயணிகளை வட்டமடித்துக் காட்டும் ஹெலிகாப்டர்களும் உண்டு. மதாம் தலையைத் தூக்காமலே பிரித்துச் சொல்கிறார்: "இது சரக்கு. அது படம் பிடிக்கிறவர்கள்."

அப்படியானால் கணக்கைப் பாருங்கள். இந்த ஊரில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை: பொருளின் விலை, பறந்து வந்த விலை. கடற்கரையில் வாங்கும் பீரும் பிஸ்கட்டும் இங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீடு கட்டுவதில் இது இன்னும் கொடுமை. நாலு சுவர் எழுப்பும் சிமெண்டுக்கு ஆகும் செலவைவிட அதைத் தூக்கி வரும் செலவு வலிக்கிறது என்றார் மதாமின் மைத்துனர். அவருடைய அப்பா காலத்தில் இந்தக் கூரைத் தகடுகளெல்லாம் ஆள் முதுகில் ஏறிக் கணவாய் தாண்டி வந்தவை. தபாலும் அப்படித்தான். இவ்ரேன் பொசே என்ற தபால்காரர் 1951 முதல் 1991 வரை நாற்பது வருஷம் மஃபாத்தின் இலெத்துகளுக்குக் கால்நடையாகவே கடிதம் கொடுத்தார். தீவு முழுக்க அவரைத் தெரியும். ஒரு அரசு ஊழியர் தன் நடையால் பிரபலமானது எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து. கூரைக்குக் கூரை தகடு. நாலு நாள் மேகம் கவிந்தால் பேட்டரி தீர்ந்துவிடும். டீசல் ஜெனரேட்டர் போட வேண்டும், டீசலும் பறந்துதான் வர வேண்டும். அதற்கு மாற்றாக 2017இல் இந்த ஊரில் சூரிய மின்சாரத்தை ஹைட்ரஜனாகச் சேமித்து வைக்கும் அமைப்பு ஒன்றை நிறுவினார்கள். வண்டிப்பாதை இல்லாத ஊரில் ஹைட்ரஜன். கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் டீசலைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டுவருவதைவிட அது வேடிக்கை இல்லை.

மத்தியானம் சமையல்கட்டைப் பார்க்க உள்ளே விட்டார். வீட்டிலிருந்து தள்ளித் தனிக் குடிசை. சுவரெல்லாம் கரி, விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டுகிறது. அடுப்புக்கு மேலே கம்பியில் பன்றி இறைச்சி வார் வாராகத் தொங்குகிறது. கீழே சமைக்கச் சமைக்க மேலே அது புகையில் காய்ந்து கறுக்கிறது. பக்கத்திலேயே மக்காச்சோளக் கதிர் கொத்து. இந்தப் புகைக்குத் தனிச் செலவு கிடையாது என்று மதாம் சொன்னதில் ஒரு திருப்தி தெரிந்தது. இங்கே பறந்து வராத பொருள் இதுதான்.

அவரிடம் ஊரின் பழங்கதையைக் கேட்டேன். அடிமைகள் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடி ஒளிந்த இடம் இது. மஃபாத் என்பதே அப்படிப்பட்ட ஒரு தலைவரின் பெயர் என்பார்கள், மடகாஸ்கரிலிருந்து கொண்டுவரப்பட்டவர். 1751இல் ஃபிரான்சுவா முசார் என்ற வேட்டைக்காரன் அவரைக் கொன்றான். ஆட்களை வேட்டையாடுவதற்குக் கூலி கொடுத்த காலம். கொன்றதற்குச் சாட்சியாகக் கையை வெட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்களாம். கிழக்கே நிற்கும் சிமந்தெஃப் சிகரமும் ஓடிவந்த ஒருவரின் பெயர்தான். பிடிக்க வந்தவர்கள் பெயரைக் காட்டிலும் ஓடியவர்கள் பெயர் மலைகளுக்கு நிலைத்திருப்பதை நான் இங்கே ரசித்தேன்.

அவர்களுக்குப் பிறகு வந்தவர்கள் ஏழை வெள்ளைக்காரர்கள். பங்கு பிரித்துப் பிரித்துக் கரையில் நிலம் இல்லாமல் போனவர்கள், சீமான்கள் கூட்டத்தில் சேராதவர்கள். இரண்டு தரப்பும் கலந்த முகங்கள்தான் இன்றைய லா நூவெல். மதாமின் கண் பச்சை, நிறம் மாநிறம், பாட்டி பற்றிச் சொன்ன கதைகளில் மடகாஸ்கரும் பிரான்சின் பிரித்தானிப் பகுதியும் ஒரே மூச்சில் வந்தன.

நிலத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் பேச்சு சூடு பிடித்தது. மஃபாத்தில் யாருக்கும் சொந்த நிலம் இல்லை. முழுக்க அரசு வனம். வீடும் தோட்டமும் வனத்துறை தரும் குத்தகையில். 2007இல் தேசியப் பூங்கா வந்தபோது இந்தப் பள்ளம் அதன் மையப்பகுதிக்குள் போனது. 2010இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலும் சேர்ந்தது. ஆகவே ஒரு அறை கூடுதலாகப் போடவும் அனுமதி வேண்டும்.

"சுவர் எங்களுடையது, கூரை எங்களுடையது, கோழி எங்களுடையது," என்று விரல் மடக்கினார் மதாம். "மண் அவர்களுடையது. என் மாமியார் காலத்திலிருந்து வாடகை கட்டுகிறோம். பையன் கல்யாணம் பண்ணிக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்றால் முதலில் பேப்பர் போட வேண்டும்."

அரசு சொல்வதும் பொய் இல்லை. ஒரு காலத்தில் சரிவு முழுக்க மரத்தை வெட்டிப் பயிர் வைத்து, மண் சரிந்து ஆற்றோடு போனது. மழை சாதாரண மழையா? இதே தீவின் ஃபோக்-ஃபோக்கில் 1966 ஜனவரிப் புயலில் இருபத்துநாலு மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. இன்றும் அது உலக சாதனை. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது அவ்வளவு இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் யார் எங்கே மண்ணைக் கிளறலாம் என்று ஒருவர் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றியது, கேட்டும்விட்டேன். பட்டா கொடுத்திருந்தால் இந்நேரம் கடற்கரைப் பணக்காரர்கள் மொத்தத்தையும் வாங்கி ஹோட்டல் கட்டியிருக்க மாட்டார்களா? எங்கள் ஊர்க் கடற்கரையில் நடந்ததுதானே.

சிரித்தார். "அதுவும் சரிதான், முசே. ஆனால் விற்க மாட்டோம் என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் சொல்லிவிட்டார்கள்."

சாலை வேண்டுமா என்றும் கேட்டேன். மதாம் உடனே வேண்டாம் என்றார். சாலை வந்தால் என்னைப் போன்றவர்கள் மதியம் வந்து படம் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவோம். ராத்திரி கட்டிலுக்கு ஆள் எங்கே? மைத்துனர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு முட்டி வலி. பிள்ளைகள் பதினோரு வயதானதும் மேல் படிப்புக்குக் கரைக்குப் போய் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்குகின்றன, பாதி திரும்புவதில்லை, அதைச் சொல் என்றார். இருவரும் கிரியோலில் வேகம் பிடித்துவிட்டார்கள். எனக்குப் பிடிபட்டது அங்கொன்றும் இங்கொன்றும்தான், ஆனால் இது இன்றைக்குத் தொடங்கிய சண்டை இல்லை என்பது மட்டும் விளங்கியது.

வெள்ளி, மர்லா

இரண்டு மணி நேர நடை. ஓடைக்கு இறங்கி ஏறினால் மர்லா. 1,600 மீட்டருக்கு மேலே, மஃபாத்திலேயே உயரமான இலெத், சில குடும்பங்கள்தான். புல்வெளி, வேலி, பின்னால் மலைச்சுவர். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்து வருகிறவர்கள் தங்கும் இடம் என்பதைத் தாண்டி ஒரு ஊராக லா நூவெல் அளவுக்குப் பிடிபடவில்லை.

பையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கீழே இறங்கி த்ருவா ரோஷ் போனேன். அதற்காக மர்லாவை மன்னிக்கலாம். கலே ஆறு அகலமாக, முழங்காலுக்கும் கீழே, கறுப்பும் வெள்ளையுமாய் வரி ஓடிய வழவழப்பான பாறைப் படுகையில் சாவகாசமாக வருகிறது. பெரிய பாறைகள் நடு ஆற்றில் உட்கார்ந்திருக்கின்றன. திடீரென்று தரையில் ஒரு பிளவு. ஒரு ஆள் தாண்டிவிடலாம் போலத் தெரியும் அகலம். முழு ஆறும் அதற்குள் போய்விடுகிறது. சத்தம் மட்டும் அடியிலிருந்து வருகிறது. தாண்டிவிடலாம் போலத் தெரிவதுதான் ஆபத்து. ஈரப் பாறையில் கால் நிற்காது. குப்புறப் படுத்துத் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. தள்ளி உட்கார்ந்து ரொட்டியும் மதாம் பொட்டலம் கட்டித் தந்த வாழைப்பழக் கேக்கும் சாப்பிட்டேன்.

அந்தப் பொட்டலத்தின் காகிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. மஃபாத்தில் குப்பைத் தொட்டியைத் தேட வேண்டாம். அதுவும் பறந்து போக வேண்டிய சரக்கு என்பதால் கொண்டுவந்ததை நீங்களே கொண்டுபோக வேண்டும்.

அறையில் கூட இருக்கும் நாலு பேர் அக்டோபரில் நடக்கும் 'பைத்தியக்காரர்களின் குறுக்கோட்டம்' பற்றியே பேசுகிறார்கள். தெற்கிலிருந்து வடக்கு வரை நூற்றறுபது கிலோமீட்டருக்கு மேல், இந்த மலைகள் வழியாக, ராத்திரி பகலாக ஓடுவது. பெயர் நான் வைத்ததில்லை, அதிகாரப்பூர்வப் பெயரே அதுதான். குளிர் தாங்கவில்லை, இத்தோடு நிறுத்துகிறேன்.

சனி, சிலாவோஸ் வழியாகச் சேன்-லூயி

வந்த வழியே திரும்பாமல் தெற்கே தாயிபி கணவாய் ஏறினேன். 2,080 மீட்டர். மர்லாவிலிருந்து ஒன்றரை மணி நேரம், முக்கால்வாசி படி. உச்சியில் காற்று தள்ளுகிறது. ஒரு பக்கம் மஃபாத், மறு பக்கம் சிலாவோஸ். ஏறும்போது என்னைத் தாண்டிப் போன ஒரு பையன் முதுகில் கிடார் பெட்டி வைத்திருந்தான். எனக்கு ஒரு தண்ணீர் பாட்டிலே பாரமாக இருந்தது.

இறக்கத்தில் ஒரு மூலிகைத் தேநீர்க் கடை உண்டு. இரண்டு வகை: ஏறுகிறவர்களுக்கு ஒன்று, இறங்குகிறவர்களுக்கு ஒன்று. முதலாவதன் பெயர் 'லிஃப்ட்'. நான் இறங்கும் ரகத்தைக் குடித்தேன். முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எலுமிச்சைப்புல் வாசனையோடு நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் கால் தார்ச்சாலையைத் தொட்டது.

சிலாவோஸ் ஒரு காலத்தில் மஃபாத் மாதிரிதான். வெந்நீர் ஊற்றில் குளிக்க வந்த சீமான்களையும் சீமாட்டிகளையும் நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1932இல் சாலை வந்தது. இன்று ஐயாயிரம் பேருக்கு மேல் வாழும் டவுன்: பேருந்து நிலையம், ஹோட்டல்கள், வாசலில் பருப்பு விற்கும் பாட்டிகள். சிலாவோஸ் பருப்பு பெயர் பெற்றது. சின்ன மைசூர்ப் பருப்பு, தோலோடு பழுப்பாக. விலை கேட்டதும் ஒரு கிலோ என்று வாயெடுத்தவன் கால் கிலோ என்று மாற்றிக்கொண்டேன். மஃபாத்திலும் வெந்நீர் ஊற்று இருந்தது, குளியல் ஊர் இருந்தது. நிலச்சரிவில் ஊற்று மூடிப்போய், ஊரும் போய்விட்டது. அது மூடாமல் இருந்திருந்தால் அங்கேயும் சாலை வந்திருக்கும் என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கரைக்கு இறங்கும் சாலையில் நானூறு வளைவு. பஸ் ஓட்டுநர் ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடித்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுபது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் காய்ந்த திருநீறு. சிலாவோஸில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். தமிழ் பேச வராது. "சாமி", "கோயில்", "கும்பம்" தெரியும். தாத்தா காரைக்காலில் கப்பல் ஏறியவர் என்றார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

"மஃபாத்தா? இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தேன், ஒரு தடவையும் போனதில்லை. எங்கள் ஆட்களுக்குக் கரும்பு கீழே இருந்தது. மலையில் எங்களுக்கு என்ன வேலை?"

அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது தக்காளி என்ன விலை என்று. தோட்டம் வைத்திருக்கிறாராம். சொன்னேன். இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த விலைக்குத் தானே கூடையில் சுமந்து போய் விற்கலாமே என்று கணக்குப் போட ஆரம்பித்தார். எத்தனை கிலோ, வாரம் எத்தனை நடை, பேரனையும் கூட்டிப்போகலாமா. தாயிபிப் படிகளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பேரனை மட்டும் அனுப்பலாம்," என்றார்.